பலகையைப் பிடுங்கும் விளையாட்டு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே சின்னதாக ஒரு புல்வெளி இருக்கிறது. அதைச் சுற்றி ஐந்து பலகைகள். பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்லில் நடக்கக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, ஆறு மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது. என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதில் பாதி அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான். 'கூடாது' என்ற சொல்லில் அவள் ஒருநாளும் பிழை விட்டதில்லை. இப்போது அவளுக்கு எட்டு வயது. கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து விளையாடி முடித்த ஒரு வீடியோ கேமைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் கண்முன் வந்து நிற்பது அந்தப் பலகைகள்தான். காரணம், அந்த கேமில் நாயகனின் முக்கியமான வேலையே தரையில் நட்டிருக்கும் பலகைகளைப் பிடுங்கிப் போடுவது.

கேமின் பெயர் 'ஸ்னஃப்கின்: மெலடி ஆஃப் மூமின்வேலி'. நார்வேயில் ஆஸ்லோ நகரத்தில் இருக்கும் ஹைப்பர் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது, ரா ஃப்யூரி நிறுவனம் வெளியிட்டது. 2024 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கும் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. நாங்கள் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் சலுகை நாளில் வாங்கி, லேப்டாப்பை டிவியோடு இணைத்து, கேம்பேடை அவள் கையில் கொடுத்து விளையாடினோம். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம். இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது.

மூமின் கதைகளைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் டூவே யான்சன். 1914இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர், ஓவியர், ஃபின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்தவர். 1945இல் முதல் மூமின் கதை, 1970இல் கடைசி மூமின் நாவல். நடுவில் 1966இல் குழந்தை இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. மூமின்கள் வெள்ளையாக, உருண்டையாக, நீர்யானை மூக்கோடு இருப்பார்கள். ஒரு பள்ளத்தாக்கில் வீடு. கதவைப் பூட்ட மாட்டார்கள். யார் வந்தாலும் மூமின்மம்மா ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள், ஒரு படுக்கை விரிப்பாள். அந்த வீட்டு மகன் மூமின்ட்ராலின் உயிர் நண்பன்தான் ஸ்னஃப்கின். பழைய பச்சைத் தொப்பி, ஒரு கூடாரம், ஒரு மவுத் ஆர்கன், அவ்வளவுதான் அவன் சொத்து. குளிர்காலம் வரும் முன் தெற்கே கிளம்பிவிடுவான், வசந்தம் பிறந்ததும் திரும்பி வருவான். நடுவில் எங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லை.

கல்லூரிக் காலத்தில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த 'மூமின்சம்மர் மேட்னெஸ்' எனக்குக் கிடைத்தது. 1954இல் வந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் ஒரு பூங்கா வருகிறது. மரங்களை உருண்டையாகவும் சதுரமாகவும் வெட்டி வைத்திருப்பார்கள், பாதைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், சுற்றி வேலி. அந்த வேலிக்குள் 24 சின்னப் பிள்ளைகள் மணல்தொட்டியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கே திரும்பினாலும் அது கூடாது, இது கூடாது என்று பலகை. அந்தப் பலகைகளை எல்லாம் பிடுங்கிப் போட வேண்டும் என்பது ஸ்னஃப்கினுக்கு வாழ்நாள் ஆசை. பூங்காக் காவலரைத் துரத்த அவன் செய்யும் காரியம் அபாரம். ஹாட்டிஃபாட்னர் என்ற வெள்ளையான, வாய் பேசாத, மின்சாரம் பாயும் உயிர்களின் விதைகளை அந்தப் புல்வெளியில் தூவிவிடுவான். அவை முளைத்து எழுந்ததும் காவலருக்கு உடம்பெல்லாம் ஷாக். அவர் ஓடிய பிறகு ஸ்னஃப்கின் ஒரு பலகை விடாமல் பிடுங்குவான். அப்புறம்தான் சிக்கல் ஆரம்பிக்கும். அந்த 24 பிள்ளைகளும் அவன் பின்னாலேயே வந்துவிடுவார்கள். யாருக்கும் கட்டுப்படாதவனுக்கு ராத்திரி 24 வாய்க்குச் சோறு தேட வேண்டிய பொறுப்பு. படிக்கும்போது சிரித்தேன். எனக்கென்று ஒரு குழந்தை வந்த பிறகு மறுபடி படித்தபோது அதே இடத்தில் சிரிக்க முடியவில்லை, தொண்டை அடைத்தது.

இப்படி ஒரு புத்தகத்தை கேம் ஆக்குகிறோம் என்று யாராவது சொன்னால் பயம் வரும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937இல் வந்த நாவல், 2003இல் சியர்ரா நிறுவனம் அதை கேமாக வெளியிட்டது. என் தம்பியும் நானும் அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடி முடித்திருக்கிறோம். அதுவும் குடும்பமாக விளையாடக்கூடிய கேம்தான், ரத்தம் கிடையாது, வண்ணங்கள் அழகு. அந்த விடுமுறையில் எங்களுக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் கதாநாயகன் பில்போ கையில் ஒரு தடியைக் கொடுத்து, எதிரே வரும் காப்ளின் என்ற பூதங்களை எல்லாம் அடிக்க விட்டார்கள். பாறைக்குப் பாறை குதித்துக் கல் பொறுக்கவும் விட்டார்கள். புத்தகத்தில் பில்போ உருப்படியாக வாள் வீசுவது காட்டுச் சிலந்திகளிடம் மட்டும்தான். மற்றபடி பேசித் தப்பிப்பார், ஒளிந்து தப்பிப்பார். கடைசிப் பெரிய போரில் மண்டையில் கல் விழுந்து மயங்கிக் கிடப்பார், போர் முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார். அந்த மயக்கத்தில்தான் அந்தப் புத்தகத்தின் குணமே இருக்கிறது. கேமில் அதற்கு இடமில்லை. ஆட்கள் சரி, ஊர் சரி, அத்தியாயத் தலைப்புகள்கூடப் பெரும்பாலும் புத்தகத்தில் இருந்தவைதான். பட்டனை அழுத்தினால் நடக்கிற காரியம் மட்டும் வேறு ஒருவருடையது.

ஒரு நாவலை கேமாக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது? அந்த நாயகன் புத்தகத்தில் செய்யக்கூடிய காரியமா அது? கேம் முழுக்க விளையாடுகிறவரின் கை ஒரே காரியத்தை நூறு தடவை செய்யப்போகிறது. கதை என்ன சொன்னாலும், கை செய்ததுதான் குழந்தைக்கு மிச்சமாக நிற்கும்.

ஸ்னஃப்கின் கேமில் கை முக்கியமாகச் செய்வது இரண்டே காரியம். பலகையைப் பிடுங்குவது, பாட்டு வாசிப்பது. இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்தவர்கள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்தான்.

கதையும் நேரானது. இலையுதிர் காலத்தில் மூமின்ட்ராலிடம் விடைபெற்று ஸ்னஃப்கின் தெற்கே கிளம்புகிறான். வசந்தத்தில் திரும்பி வந்து பார்த்தால் ஆற்றில் தண்ணீர் இல்லை, பள்ளத்தாக்கு முழுக்க வேலி போட்ட பூங்காக்கள். பாலத்தில் காத்திருக்க வேண்டிய மூமின்ட்ராலைக் காணோம். பூங்காக் காவலர் ஊரையே ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார். ஸ்னஃப்கின் நண்பனைத் தேட வேண்டும், போகிற வழியில் பூங்காக்களைக் காலி பண்ண வேண்டும்.

முதல் பூங்காவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே போனால் போலீஸ்காரர்கள். சிலர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், சிலர் இப்படியும் அப்படியும் நடக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் ஒவ்வொரு பலகையாகப் போய்ப் பிடுங்க வேண்டும். மாட்டிக்கொண்டால் அடியும் இல்லை உதையும் இல்லை, பூங்காவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், மறுபடி முயற்சி பண்ணலாம். என் மகள் முதல் மூன்று தடவை நேராக ஓடி மாட்டிக்கொண்டாள். நாலாவது தடவை ஓடவில்லை. ஒரு புதர் பக்கத்தில் நின்று, போலீஸ்காரரின் நடையை வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்புறாரு... இப்போ!" கேம்பேடைப் பிடித்திருந்த விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பலகையைப் பிடுங்கியதும் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். நல்ல காரியம் செய்தோமா தப்புக் காரியம் செய்தோமா என்று கேட்கிற பார்வை அது.

கடைசிப் பலகையும் போனதும் நடப்பதுதான் இந்த கேமின் மிக அழகான யோசனை. போலீஸ்காரர்கள் பூங்காவை விட்டுக் கிளம்பிப் போய்விடுகிறார்கள். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. "ஏம்மா போறாங்க?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்: "எழுதி வச்சது ஒண்ணுமே இல்லல்ல, அப்போ எதப் பாத்துக்குவாங்க?" எட்டு வயதுக் குழந்தைக்கு விதி என்றால் என்ன, அதைக் காக்கிறவருக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது என்பதை யாரும் விளக்கவில்லை. அவள் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு வேலி, சிலை எல்லாம் விலகிப் புல் தன் இஷ்டத்துக்கு வளர்கிறது, சின்னச் சின்ன உயிர்கள் திரும்பி வருகின்றன. அவள் அடுத்த இடத்துக்குப் போகாமல் அங்கேயே ஸ்னஃப்கினை இப்படியும் அப்படியும் நடக்க விட்டாள், புல்லின் மேல். "நடக்கலாம்ல இப்போ" என்றாள்.

மறுநாள் கீழே இறங்கியபோது எதிர்பார்த்த கேள்வி வந்தது: "நம்ம பலகைய?" சில பெற்றோர் இந்த இடத்தில் கவலைப்படுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவே கேட்டார், "இதெல்லாம் பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?" என்று. காட்டலாம் என்பதுதான் என் பதில். அந்தப் பூங்காக்களை யார் கேட்டுக் கட்டினார்கள், அங்கே ஏற்கெனவே குடியிருந்தவை எங்கே போயின என்பதை கேம் தெளிவாகக் காட்டுகிறது. எந்தப் பலகையையும் பிடுங்கலாம் என்று அது சொல்லவில்லை. நான் மகளிடம் ஐந்து பலகைகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். பூப் பறிக்கக் கூடாது என்பது இருக்கட்டும் என்றாள், பறித்தால் மறுநாள் பார்க்க இருக்காதாம். ஆறு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதும் இருக்கட்டும், முதல் மாடித் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. மற்ற மூன்றையும் பற்றிக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்ததற்கு ஒரு காரணம் மொழி. கேமில் தமிழ் இல்லை. திரையில் வரும் ஆங்கில வரிகளை மகளால் அந்த வேகத்தில் படிக்க முடியாது. அதனால் நானே படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஆங்கிலத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தமிழில் அப்படி விட முடியாது, ஒவ்வொரு ஆளுக்கும் நீயா நீங்களா என்று முடிவு பண்ணியாக வேண்டும். மூமின்மம்மா "வாப்பா, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பாள், அதில் சந்தேகமே வரவில்லை. பூங்காக் காவலர் "டேய், யார்ரா அது?" என்பார். கையளவு உயரமும் வாய் நிறையத் துடுக்குமாக இருக்கும் லிட்டில் மை யாரையும் மதிக்க மாட்டாள், பெரியவர்களையும் "நீ" என்பாள். ஸ்னஃப்கின் எப்படிப் பேசுவான் என்பதுதான் யோசனையாக இருந்தது. காட்டில் ஒரு சின்னஞ்சிறு உயிர் வழி தெரியாமல் நின்றபோது என் வாயில் தானாக வந்தது: "நீங்க எங்க போகணும்?" மகள் சிரித்தாள். "அவ்ளோண்டு இருக்கு, அதப் போயி நீங்கன்றான்!" ஆனால் அதற்கப்புறம் ஒரு தடவை நான் மறந்து "நீ" என்று சொன்னபோது அவளே திருத்தினாள். புத்தகத்தில் அந்தக் குணம் இருக்கிறது. அவன் சின்னதைச் சின்னது என்று நடத்த மாட்டான், பெரிய அதிகாரிக்குத் தலை வணங்கவும் மாட்டான். கேம் எழுதியவர்கள் அதை விட்டுவிடவில்லை, அதனால்தான் தமிழிலும் அது வந்து ஒட்டிக்கொண்டது.

கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தொப்பிப் பையனுக்கு வீடு வாசல் கிடையாதா?" என்றார். கூடாரம் இருக்கிறது அத்தை என்றேன். "மழை வந்தா?" நனைவான் என்றாள் மகள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் முதல், "தொப்பிக்காரன் போடலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

படங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம், பார்த்தாலே தெரியும். யான்சன் மையும் பேனாவும் வைத்து வரைந்த கோடுகளின் சாயல் விடாமல், நீர்வண்ணம் பூசிய மாதிரி செய்திருக்கிறார்கள். எங்கே நிறுத்தினாலும் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம்.

இசைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு இந்த கேமின் மேல் பெரிய அன்பும் இருக்கிறது, பெரிய குறையும் இருக்கிறது. இசையமைத்தவர் ஓடா டில்செட். ஐஸ்லாந்து இசைக்குழு சிகுர் ரோஸும் சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய இசையில் எப்போதும் ஒரு தூரம் இருக்கும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிற மாதிரி. அது ஸ்னஃப்கினுக்கு அவ்வளவு பொருத்தம். பல இடங்களில் இசையே இல்லாமல் தண்ணீர்ச் சத்தமும் காற்றும் மட்டும் இருக்கும், அப்புறம் எங்கிருந்தோ இரண்டு சுரம் வரும். நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ இருந்தால் அதில் கேளுங்கள், லேப்டாப் ஒலியில் விளையாடுவது வீண்.

மவுத் ஆர்கன் வாசிப்பதுதான் ஸ்னஃப்கினின் ஆயுதம், சாவி, எல்லாம். வழியை மறைத்து நிற்கும் உயிர்களின் முன் வாசித்தால் அவை வழி விடும், சில உயிர்கள் நமக்கு உதவிக்கு வரும். போகப் போக வேறு வாத்தியங்களும் கைக்கு வருகின்றன. இதுவரை சரி. ஆனால் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு அளவு உண்டு. நம்மிடம் அத்தனை 'உத்வேகம்', அதாவது கேமில் சேர்க்கும் ஒரு வகைப் புள்ளி, சேர்ந்திருந்தால்தான் அது பாட்டுக்கு மசியும். உத்வேகத்தைச் சேர்க்கப் புதர்களையும் பாறை இடுக்குகளையும் தேடிக்கொண்டு போக வேண்டும். பல சமயம் ஒரு உயிரைப் பார்த்து, அளவு போதாமல் திரும்பி, சேர்த்துக்கொண்டு மறுபடி அதே பாதையில் வர வேண்டியிருக்கிறது. மகள் அதற்குப் 'பாட்டுக் காசு' என்று பேர் வைத்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மனசு சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. பாட்டு இங்கே காசாகிவிட்டது.

இது ஏன் எனக்கு வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். 1962இல் வந்த மூமின் சிறுகதைத் தொகுப்பின் முதல் கதை ஸ்னஃப்கினின் வசந்தகாலப் பாட்டைப் பற்றியது. அவன் ஊர் திரும்பும் வழியில் ஓர் ஓடைக்கரையில் தங்குகிறான். பாட்டு ஒன்று தொப்பிக்குள் வந்துவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை. அப்போது ஒரு குட்டி உயிர் வந்து அவனையே பக்தியோடு பார்த்துக்கொண்டு உட்கார்கிறது. பாட்டு ஓடிப்போய்விடுகிறது. அந்த உயிருக்குப் பெயர்கூட இல்லை, நீங்களே ஒரு பெயர் வையுங்கள் என்று கேட்கிறது. அவனும் எப்படியாவது போனால் போதும் என்று ஒரு பெயர் வைத்து அனுப்புகிறான். அப்புறம் மனசு கேட்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்த் தேடுகிறான். ஆனால் பெயர் கிடைத்த அந்தக் குட்டிக்கு இப்போது தன் வாழ்க்கையை வாழவே நேரம் போதவில்லை, இவனோடு உட்கார்ந்து பேச முடியாமல் ஓடிவிடுகிறது. ஸ்னஃப்கின் தனியாக மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கிறான். அப்போதுதான் பாட்டு திரும்பி வருகிறது. அதில் எதிர்பார்ப்பு கொஞ்சம், வசந்தத்தின் ஏக்கம் இன்னும் கொஞ்சம், மிச்சமெல்லாம் தனியாக இருக்கிற ஆனந்தம்.

அந்தக் கதையில் பாட்டை யாரும் சேர்த்து வைக்க முடியாது. தேடினால் வராது, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வராது. அதே பாட்டைத் தலைப்பிலேயே வைத்திருக்கும் கேம், அதை எண்ணிக்கை ஆக்கியிருக்க வேண்டாம். சும்மா ஓடைக்கரையில் ஸ்னஃப்கினை உட்கார வைத்துவிட்டு, எந்தப் பட்டனையும் தொடாமல் ஒரு நிமிடம் இருந்தால் பாட்டு வரும் என்று வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! என் மகள் இருந்திருப்பாள். குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை என்று நாம்தான் முடிவு பண்ணுகிறோம், அந்தப் புதர் பக்கத்தில் அவள் நின்று எண்ணியதை நான் பார்த்தேன்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது முக்கியம். மூமின் உலகத்தில் க்ரோக் என்று ஒருத்தி இருக்கிறாள். சாம்பல் நிறக் குன்று மாதிரி உடம்பு, இரண்டு கண்கள். அவள் உட்காரும் இடத்தில் தரை உறைந்துவிடும். யாரையும் கடிக்க மாட்டாள், பேச மாட்டாள், வருவாள், பார்ப்பாள். குடும்பத்தோடு விளையாட வேண்டும் என்பதற்காக அவளைக் கார்ட்டூன் பூச்சாண்டி ஆக்காமல் விட்டதற்கு நன்றி. அவள் வந்தபோது மகள் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நகர்ந்து, தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். விளையாட்டை நிறுத்தலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். ராத்திரி படுக்கையில்தான் கேள்வி வந்தது: "அவளுக்கு யாருமே இல்லையாம்மா?" யான்சன் 1965இல் எழுதிய நாவலில் க்ரோக் வெளிச்சத்தைத் தேடிக் கடல் தாண்டி வருவாள், மூமின்ட்ரால் தினமும் இரவில் அவளுக்காக ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவான். அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

நடைமுறை விஷயங்கள் சில. ஐந்து, ஆறு மணி நேரத்தில் கேம் முடிந்துவிடும். பெரியவர் தனியாக விளையாடினால் இரண்டு மாலை. நீளத்துக்கும் விலைக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் சலுகைக்குக் காத்திருக்கலாம், நல்லாவே விலை இறங்குகிறது. புதிர்கள் எளிமையானவை. கட்டையைத் தள்ளிப் பாலம் போடுவது, மேட்டில் ஏறுவது, யாரோ தொலைத்த பொருளைத் தேடிக் கொடுப்பது. பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய, வேகமான கேம்களுக்குப் பழகிய பிள்ளைகளுக்குச் சப்பென்று இருக்கும். என் அக்கா மகன் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விட்டான். பூங்காக்களும் கடைசி வரை பெரிதாகக் கடினமாகவில்லை, நடுவில் ஒன்றிரண்டு ஒரே மாதிரி தோன்றின. ஆறிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு குழந்தையும், பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஒரு பெரியவரும் இருந்தால் இதைவிட நல்ல கேம் எனக்குத் தெரிந்து இல்லை. குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற கேம் இது இல்லை. நான் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் "அம்மா, இது என்ன சொல்லுது?" என்று கூப்பிட்டுவிட்டாள்.

கேம் முடிந்ததும் 'மூமின்சம்மர் மேட்னெஸ்' புத்தகத்தை எடுத்தோம். தினமும் அஞ்சாறு பக்கம், தமிழில் சொல்லிச் சொல்லி. பூங்கா வந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை, "இது நாம பண்ணது!" என்று கத்தினாள். வேறு யாரோ 1954இல் எழுதியதை, தான் செய்த காரியம் என்று அவள் சொன்னாள். புத்தகத்தைப் படித்துவிட்டு கேமுக்கு வருவதா, கேமை விளையாடிவிட்டுப் புத்தகத்துக்குப் போவதா என்று கேட்டால், எங்கள் வழியில் போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஹைப்பர் கேம்ஸ் அடுத்து எடுத்துக்கொண்டதும் மூமின் கதைதான். அதன் பெயர் 'மூமின்ட்ரால்: விண்டர்ஸ் வார்ம்த்'. மூமின்கள் எல்லோரும் குளிர்கால உறக்கத்தில் இருக்கும்போது மூமின்ட்ரால் மட்டும் நடுவில் விழித்துக்கொள்ளும் கதை, 1957 நாவலில் வருவது. அதன் படங்களை மகளிடம் காட்டினேன். பனியைப் பார்த்தாள், வெள்ளை வீட்டைப் பார்த்தாள், ஸ்னஃப்கினைத் தேடினாள்.

"அவன் எங்கம்மா?"

"தெற்க போயிருக்கான். லெட்டர் எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்கான்."

"என்னன்னு?"

அலமாரியிலிருந்து அந்த 1957 நாவலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துச் சொன்னேன். நல்லாத் தூங்கு, வசந்தத்தில் வெயில் அடிக்கும் முதல் நாள் வந்துவிடுவேன், நான் வரும் வரை அணை கட்டுவதை ஆரம்பித்துவிடாதே.

"சரி" என்றாள், அவளுக்கு எழுதிய கடிதம் மாதிரி.